இரண்டாவது சாவி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாதம் தடுப்பூசி பற்றி எழுதும்போது, "கிருமியை அடையாளம் கண்டால் மட்டும் டி செல் சண்டைக்குக் கிளம்பாது, இன்னொரு சம்மதமும் வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். டி செல் என்பது நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த மாதம் முழுக்க அதே விஷயம்தான். பல கடிதங்கள் 'டாக்டர் அம்மா' என்று தொடங்குகின்றன. நான் டாக்டர் இல்லை. வேலூரில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் 31 வருஷம் வெள்ளை அணுக்களைப் பிரித்தும் வளர்த்தும் எண்ணியும் ஓய்வு பெற்றவள். செல்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று என்னால் சொல்ல முடியும். யாருக்கு எந்த மருந்து என்பதை உங்களை நேரில் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

"என் பையனுக்குப் பாதத்தில் கருவேல முள் குத்தியது. இரண்டு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டிவிட்டது. முள் குத்தியது கீழே, வீக்கம் மேலே. ஏன் இப்படி? பயப்பட வேண்டுமா?"
– வாசகி, அணைக்கட்டு

முள்ளோடு மண்ணும் கிருமியும் சேர்ந்து உள்ளே போகின்றன. தோலுக்குள் கிளை கிளையாகக் கை நீட்டிக்கொண்டு சில செல்கள் உட்கார்ந்திருக்கும். டெண்ட்ரிடிக் செல் என்று பெயர். அவை கிருமியை விழுங்கித் துண்டு துண்டாக்கி, அந்தத் துண்டுகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு நிணநீர்க் குழாய் வழியாக மேலே போகும். பாதத்து நிணநீர் போய்ச் சேரும் இடம் தொடை இடுக்கு. அங்கேயுள்ள முடிச்சுகளில்தான் டி செல்கள் கூட்டமாக இருக்கின்றன. ஏந்தி வந்த துண்டு எந்த டி செல்லுக்குப் பொருந்துகிறதோ அது பெருக ஆரம்பிக்கும். முடிச்சு வீங்கும். நம்மூரில் நெறி கட்டுவது என்று சொல்வது இதைத்தான்.

இந்த டெண்ட்ரிடிக் செல்லை 1973-ல் அடையாளம் காட்டியவர் ரால்ப் ஸ்டெய்ன்மன். 2011-ல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்று நாள் முன்பே அவர் இறந்துவிட்டது பரிசுக் குழுவுக்கு அப்போது தெரியாது. பரிசை மாற்றவில்லை. இந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று எங்கள் லேபில் வெகு நேரம் யாரும் பேசவில்லை.

பையனுக்கு டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று மட்டும் பாருங்கள். நெறி பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானாக வடிந்துவிடும். வடியாமல் பெரிதாகிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் விடாமல் இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

"நான் மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டி செல்லுக்கு இரண்டு சமிக்ஞை வேண்டும் என்று மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டேன். ஆனால் ஏன் இரண்டு? கிருமியைக் கண்டுபிடித்த பிறகு இன்னொன்று எதற்கு? நேரத்தை வீணாக்குவது போல இல்லையா?"
– மாணவி, ராணிப்பேட்டை

எழுதிவிட்ட பிறகும் கேட்கிறாய் பார், அதற்காகவே உனக்கு நீளமாகப் பதில் எழுதுகிறேன் அம்மா.

என் அப்பா வட ஆற்காடு மாவட்டக் கஜானா ஆபீஸில் வேலை பார்த்தவர். மாவட்டம் பிரிவதற்கு முந்தைய காலம். அங்கே காப்பறைக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஆபீஸில் அதை 'டபுள் லாக்' என்றுதான் சொல்வார்கள். ஒரு சாவி அதிகாரியிடம், இன்னொன்று வேறொருவரிடம். இருவரும் சேர்ந்து வந்து நின்றால்தான் கதவு திறக்கும். சின்ன வயதில் நானும் உன்னைப் போலத்தான் அப்பாவிடம் கேட்டேன், நம்பிக்கையான ஆள் ஒருத்தர் போதாதா என்று. "நம்பிக்கையான ஆளும் ஒரு நாள் தப்பாக நினைச்சிடலாம்மா" என்றார்.

டி செல்லுக்கும் தப்பாக நினைக்கிற வாய்ப்பு உண்டு. டி செல்லின் மேல் ஏற்பி என்று, பொருளைப் பிடித்து அடையாளம் காணும் ஒரு மூலக்கூறு இருக்கும். அது எதற்குப் பொருந்தும் என்பது அந்தச் செல் உருவாகும்போது குருட்டாம்போக்கில் அமைகிறது. நம் சொந்த உடம்புப் புரதத்துக்கே பொருந்துகிற ஏற்பிகளும் உருவாகும். டி செல்கள் முதிரும் இடமான, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி அவற்றில் பெரும்பகுதியைக் களைந்துவிடும். ஆனாலும் சில தப்பி வெளியே வந்துவிடுகின்றன. அப்படி வந்த ஒன்று, தைராய்டிலோ மூட்டிலோ தனக்குப் பொருந்துகிற புரதத்தைத் தினமும் சந்திக்கும். அடையாளம் கண்டதும் தாக்கலாம் என்று விதி இருந்தால் என்ன ஆகும், யோசி.

அங்கேதான் இரண்டாவது சாவி வருகிறது. டி செல்லின் மேல் சிடி28 என்று ஒரு மூலக்கூறு இருக்கிறது. அது போய்ப் பிடிக்க வேண்டியது எதிரே இருக்கும் செல்லின் பி7 மூலக்கூறை. பி7-ல் இரண்டு உண்டு: சிடி80, சிடி86. அமைதியான உடம்பில் சாதாரண செல்களின் மேல் பி7 இருக்காது. முள் குத்திய இடத்திலிருந்து கிருமியைப் பார்த்துவிட்டுக் கிளம்பும் டெண்ட்ரிடிக் செல் மட்டும் வழியிலேயே பி7-ஐ நிறைய வளர்த்துக்கொண்டு வரும். முதல் சாவி கேட்பது "இது நீ தேடுகிற பொருள்தானா?" இரண்டாவது சாவி கேட்பது "இப்போது ஆபத்து இருக்கிறதா?" இரண்டுக்கும் ஆமாம் என்று வந்தால்தான் டி செல் இன்டர்லூக்கின்-2 என்ற, பெருகத் தூண்டும் புரதத்தைச் சுரந்து பெருகும். பாடப்புத்தகத்தில் துணைத் தூண்டல் என்று போட்டிருப்பது இதுதான்.

கஜானா உவமை ஒரு இடத்தில் போதாமல் போகும். அந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கஜானாவில் ஒரு சாவி மட்டும் போட்டால் கதவு திறக்காது, அவ்வளவுதான். மறுநாள் இரண்டு சாவியும் வந்தால் திறந்துவிடும். டி செல் அப்படி இல்லை. முதல் சாவி மட்டும் கிடைத்து இரண்டாவது கிடைக்காவிட்டால், அது உறைந்து போய்விடும். பிறகு இரண்டு சாவியும் சேர்ந்து வந்தாலும் அசையாது. அனெர்ஜி என்பார்கள். 1987-ல் மார்க் ஜென்கின்ஸும் ரொனால்ட் ஷ்வார்ட்ஸும் இதைக் காட்டினார்கள். துண்டை ஏந்திக் காட்டும் செல்களை ரசாயனத்தால் பதப்படுத்திவிட்டு டி செல்களோடு சேர்த்தார்கள். டி செல்கள் அப்போதும் பெருகவில்லை, பிறகு நல்ல செல்களோடு சேர்த்தபோதும் பெருகவில்லை. தைமஸில் தப்பி வந்த தவறான டி செல், அமைதியான உடம்பில் சொந்தப் புரதத்தைச் சந்தித்து, இரண்டாவது சாவி இல்லாமல் இப்படித்தான் அடங்கிப் போகிறது. நம் உடம்புக்குள் இது சத்தமில்லாமல் நடந்துகொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நெகிழும்.

இரண்டு சமிக்ஞை என்ற எண்ணம் அதற்கும் முன்பே இருந்தது. 1970-ல் பிரெட்ஷர், கோன் என்ற இருவர் எழுதினார்கள், டி செல்லுக்கு அதைப் பொருத்தியது 1975-ல் லாஃபர்ட்டியும் கன்னிங்ஹாமும். பரீட்சைக்கு இந்தப் பெயர்கள் உதவும்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஒரு வரிசைக் குழிகளில் சுத்தமாகப் பிரித்த டி செல்களோடு, முதல் சாவிக்குப் பதிலாக, ஏற்பியோடு ஒட்டியிருக்கும் சிடி3 என்ற மூலக்கூறைத் தூண்டும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒன்றை மட்டும் பிடிக்கும் புரதம்) கொஞ்சமாக. அடுத்த வரிசையில் அதே செல்கள், அதே அளவு, கூடவே சிடி28-ஐத் தூண்டும் ஆன்டிபாடி. 37 டிகிரியில் இன்குபேட்டருக்குள் வைத்து மூடிவிடுவோம். செல் வளர்க்கும் திரவத்தில் பீனால் ரெட் என்ற சாயம் இருக்கும், ரோஜாச் சிவப்பாகத் தெரியும். செல்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியே விட்டால் அது மஞ்சளாக மாறும். மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் முதல் வரிசை வைத்தது வைத்தபடி சிவப்பாக இருக்கும். இரண்டாவது வரிசை எலுமிச்சை மஞ்சள். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் செல்கள் கொத்துக் கொத்தாக, திராட்சைக் குலை மாதிரி. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இந்தத் தட்டைத்தான். உன் கல்லூரி லேபில் வாய்ப்பு இருந்தால் கேட்டுப் பார், ஒரு முறை பார்த்தால் மறக்கவே மாட்டாய்.

நேரம் வீணாகிறதே என்று கேட்டாய். தடுப்பூசி தயாரிப்பவர்களிடம் இதற்குப் பதில் இருக்கிறது. டெட்டனஸ் ஊசியில் புரதத்தோடு அலுமினிய உப்பும் கலக்கிறார்கள். வெறும் புரதத்தை மட்டும் கொடுத்தால் எதிர்ப்பு மந்தமாகத்தான் வரும். உடம்புக்கு அந்நியப் பொருள் என்பது மட்டும் போதவில்லை, ஆபத்து என்ற சேதியும் வேண்டியிருக்கிறது. சார்லஸ் ஜேன்வே 1989-ல் இதைக் கேள்வியாக எழுப்பிய பிறகுதான், கிருமியின் பொதுவான அடையாளங்களை உடம்பு எப்படி உணர்கிறது என்ற தேடலே சூடு பிடித்தது.

"என் மாமியாருக்கு 58 வயது. தறியில் உட்கார்ந்தவர். முடக்கு வாதத்தில் விரல்கள் வளைந்துவிட்டன. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை போதவில்லை என்று அபடசெப்ட் என்ற ஊசியைச் சொல்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியையே நிறுத்திவிடுமாமே, உண்மையா?"
– வாசகி, குடியாத்தம்

முழுதாக நிறுத்தாது. மேலே ராணிப்பேட்டை மாணவிக்கு எழுதியதைப் படித்துவிட்டு வாருங்கள், சுலபமாகப் புரியும். முடக்கு வாதத்தில் டி செல்கள் மூட்டைத் தப்பாகத் தாக்குகின்றன. அபடசெப்ட் செய்வது இரண்டாவது சாவித் துவாரத்தை அடைப்பது.

டி செல் ஒரு முறை விழித்துவிட்டால் தன் மேல் சிடிஎல்ஏ-4 என்று இன்னொரு மூலக்கூறையும் கொண்டு வரும். அதுவும் பி7-ஐத்தான் பிடிக்கும், ஆனால் சிடி28-ஐவிடப் பல மடங்கு இறுக்கமாக. சிடி28 பிடித்தால் கிளம்பு என்று அர்த்தம், சிடிஎல்ஏ-4 பிடித்தால் நிறுத்து என்று அர்த்தம். வண்டிக்கு ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் ஒரே இடத்தில் வைத்த மாதிரி. இந்த சிடிஎல்ஏ-4-ன் வெளிப்பகுதியை எடுத்து, ஆன்டிபாடியின் வால் பகுதியோடு ஒட்டிச் செய்ததுதான் அபடசெப்ட். உடம்பில் இருக்கும் பி7-ஐ அது மூடிவிடும். சிடி28-க்குப் பிடிக்க எதுவும் கிடைக்காது. 2005 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மாமியாருக்கு நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று. தொடங்கும் முன் டி.பி. இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள், அதைத் தள்ளிப் போடாதீர்கள். உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசிகளை இந்த மருந்து எடுக்கும்போதும் நிறுத்திய மூன்று மாதம் வரையும் போடக் கூடாது. இருமலோ காய்ச்சலோ வந்தால் அடுத்த ஊசிக்கு முன் சொல்ல வேண்டும். அப்புறம், பலன் மெதுவாகத்தான் தெரியும். இரண்டு ஊசி போட்டதும் "ஒன்றும் ஆகலையே" என்று விட்டுவிட வேண்டாம், சில வாரங்களிலிருந்து சில மாதம் ஆகலாம். ஏற்கெனவே வளைந்துபோன விரலை இது நிமிர்த்தாது. அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏமாற்றம் வேண்டாம்.

"சித்தப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். இம்யூனோதெரபி ஊசி போடுகிறார்கள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறேழு முறை வயிற்றுப்போக்கு. சித்தி மோரில் வெந்தயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நுரையீரல் ஊசிக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?"
– வாசகர், ஆம்பூர்

இவரிடம் கடிதம் கிடைத்த அன்றே போனில் பேசிவிட்டேன், அன்று மாலையே சித்தப்பாவை அழைத்துப் போய்விட்டார். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இந்த வகை ஊசி போட்டவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி அடக்கவும் வேண்டாம். ஊசி போட்ட மருத்துவக் குழுவுக்கு அன்றைக்கே சொல்லுங்கள்.

காரணம் இதுதான். மேலே சொன்ன சிடிஎல்ஏ-4 பிரேக் இல்லாமல் எலிகளைப் பிறக்கவைத்துப் பார்த்தார்கள், 1995-ல். மூன்று நான்கு வாரத்துக்குள் அவை செத்துப்போயின. கிருமி எதுவும் வந்து கொல்லவில்லை. சொந்த டி செல்களே பெருகி இதயம், கணையம் என்று உறுப்புகளுக்குள் புகுந்துவிட்டன. பிரேக் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஜேம்ஸ் அலிசன் இதையே திருப்பிப் போட்டு யோசித்தார். பிரேக்கைக் கொஞ்ச காலத்துக்கு மட்டும் விடுவித்தால் டி செல் புற்றுநோயைத் தாக்குமா? 1996-ல் எலிகளில் கட்டிகள் கரைந்தன. அந்த வழியில் வந்த இபிலிமுமாப் மருந்துக்கு 2011-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஜப்பானில் தசுக்கு ஹோன்ஜோவின் குழு 1992-ல் பிடி-1 என்ற இன்னொரு பிரேக்கைக் கண்டுபிடித்தது. பல புற்றுநோய்ச் செல்கள் அந்தப் பிரேக்கை மிதிக்கிற மூலக்கூறைத் தம் மேல் போர்த்திக்கொண்டு தப்பிக்கின்றன. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் எல்லாம் அந்த மிதியைத் தடுப்பவை. அலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் 2018-ல் சேர்ந்து நோபல் கிடைத்தது. பிடி-1 முக்கியமாக அணைப்பது சிடி28 வழியாக வரும் சமிக்ஞையைத்தான் என்று 2017-ல் இரண்டு குழுக்கள் காட்டின. சுற்றிச் சுற்றி அதே இரண்டாவது சாவிக்கே வந்து சேர்கிறோம்.

பிரேக்கை விடுவித்தால் புற்றுநோயைப் பார்க்கும் டி செல் மட்டும் கிளம்பாது. அடங்கியிருந்த மற்ற டி செல்களும் கிளம்பலாம். குடல், தோல், தைராய்டு, கல்லீரல், நுரையீரல், எங்கு வேண்டுமானாலும் போகலாம். சித்தப்பாவுக்குக் குடலில் வந்திருக்கிறது. ஊசியை நிறுத்திச் சில மாதம் கழித்துக்கூட இப்படி வருவதுண்டு.

என் அண்ணனுக்கும் இதே வகை ஊசி போட்டார்கள். வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த மறுநாள் வயிற்றுப்போக்கு தொடங்கியது. விருந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே சொல்லவில்லை. ஐந்தாம் நாள் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. ஏழாம் நாள் ரத்தம் கலந்து போனபோதுதான் என்னைக் கூப்பிட்டார். அப்புறம் பதினோரு நாள் ஆஸ்பத்திரிப் படுக்கை, அதிக அளவில் ஸ்டீராய்டு, மாதக்கணக்கில் அதைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார்கள். பிழைத்துக்கொண்டார். 31 வருஷம் இதே செல்களோடு இருந்துவிட்டு, சொந்த அண்ணனிடம் ஒரு வார்த்தை முன்னாலேயே எச்சரிக்கவில்லையே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது அவர் சட்டைப்பையில் எந்த மருந்து, எந்தத் தேதியில் என்று எழுதிய ஒரு அட்டை எப்போதும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று எழுதி வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், பல் வலிக்குப் போனாலும், முதலில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

"எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி என்று ஒன்று மாதம் 1,800 ரூபாய்க்கு வாங்குகிறோம். டி செல்லைத் தூண்டுமாம். தொடரலாமா?"
– வாசகர், திருப்பத்தூர்

அந்தக் காசுக்கு முட்டையும் பருப்பும் கீரையும் வாங்குங்கள். டி செல்லைத் தூண்டுவது நல்லது என்ற எண்ணத்தையே நான் மாற்றச் சொல்வேன். 2006 மார்ச் 13 அன்று லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு டிஜிஎன்1412 என்ற மருந்தைச் சோதனையாகக் கொடுத்தார்கள். அது சிடி28-ஐப் பிடித்து, முதல் சாவியே இல்லாமல் டி செல்லை எழுப்பிவிடும். குரங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500-ல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, நடுக்கம், வாந்தி. பிறகு ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. எல்லோரும் உயிர் பிழைத்தார்கள், ஒருவர் கால்விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார். நம் உடம்பில் அனுபவப்பட்ட ஒரு வகை டி செல்களின் மேல் சிடி28 இருக்கிறது, அந்தக் குரங்குகளில் அதே வகை செல்களில் அது இல்லை என்று பின்னால் தெரிந்தது. உங்கள் பொடி இப்படிச் செய்துவிடும் என்று சொல்லவில்லை. டி செல்லை நிஜமாகவே கண்மூடித்தனமாகத் தூண்டினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

"கிட்னி மாற்றியவர்களுக்கும் இந்த இரண்டாவது சாவி மருந்து உண்டா?"
– வாசகர், ஆரணி

உண்டு. இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-ல் நம் வேலூர் சி.எம்.சி.யில்தான் நடந்தது. எதிர்ப்புச் சக்தி புதுக் கிட்னியைத் தாக்காமல் அடக்க, அந்தக் காலத்தில் கையில் இருந்தது பிரெட்னிசலோனும் அசதியோபிரினும். இன்று பெரும்பாலும் டாக்ரோலிமஸ். அபடசெப்டில் இரண்டே அமினோ அமிலங்களை மாற்றி, பி7-ஐ இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்படி செய்த பெலடசெப்டுக்கு 2011-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் இதுவரை தொற்றாதவர்களுக்கு அதைத் தரக் கூடாது. நீங்கள் எடுக்கும் மாத்திரையை யார் சொன்னார்கள் என்றும் மாற்ற வேண்டாம்.

"அக்கா மகனுக்கு 19 வயது, ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது. கார்-டி சிகிச்சை பற்றிச் சொல்கிறார்கள். அதிலும் இந்த சாவி விஷயம் இருக்கிறதா?"
– வாசகி, காட்பாடி

அதில் அதுதான் உயிர்நாடியே அம்மா. நோயாளியின் டி செல்களை ரத்தத்திலிருந்து எடுத்து, புற்றுநோய்ச் செல்லின் மேல் இருக்கும் சிடி19-ஐத் தேடிப் பிடிக்கும் ஏற்பியைப் பொருத்தித் திருப்பி ஏற்றுவார்கள். ஆரம்ப காலத்தில் செய்த ஏற்பிகளில் முதல் சமிக்ஞை மட்டும்தான் இருந்தது. லேபில் நன்றாகக் கொன்றன, உடம்புக்குள் போனதும் சீக்கிரமே சோர்ந்து மறைந்துவிட்டன. பிறகு அதே ஏற்பியின் வாலில் ஒரு துணைத் தூண்டல் மூலக்கூறின் துண்டையும் சேர்த்துத் தைத்தார்கள். சிலவற்றில் சிடி28, சிலவற்றில் 4-1பிபி. சிடி28 வைத்தது வேகமாகப் பாயும், 4-1பிபி வைத்தது நிதானமாக வளர்ந்து நெடுநாள் தங்கும். இதற்குப் பிறகுதான் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் செல்கள் உடம்பில் நீடித்தன.

மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் இந்திய அனுமதி கிடைத்தது. அதில் இருப்பது 4-1பிபி. 15 வயதுக்கு மேல், பி செல் (ஆன்டிபாடி செய்யும் வெள்ளை அணு) வகைப் புற்றுநோய் திரும்பி வந்தவர்களுக்கும் மற்ற சிகிச்சைக்கு அடங்காதவர்களுக்கும். அதனால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்: தம்பிக்கு வந்திருப்பது பி செல் வகையா? சிடி19 இருக்கிறதா? செல் எடுத்து, தயாரித்து, திருப்பி ஏற்றுவதற்குள் சில வாரம் ஆகும், அதுவரை நோயை எப்படி அடக்கி வைப்பார்கள்? ஏற்றிய பிறகு காய்ச்சலும் குழப்பமும் வரக்கூடிய முதல் சில வாரம் எங்கே தங்க வேண்டும், கூட யார் இருக்க வேண்டும்? நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், பதிலையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். புரியாத வார்த்தைகளை உட்கார்ந்து உங்களுக்கு விளக்குகிறேன்.